ஆன்ஸ்லினுடைய சாளை

எங்கள் தாழங்காட்டுவிளை சபையில் அறுப்பின் பண்டிகை அன்று, ஸ்தோத்திரப் பாட்டின் மூன்றாம் சரணத்துக்குக் கீழே மூலவியாதி மருந்தின் விளம்பரம் வந்தது. பாட்டின் வரிகளைக் காட்டுவதற்காகக் கட்டியிருந்த பெரிய திரையில், ஆடுகிற படத்தோடு வந்தது. 'உட்கார முடியவில்லையா? வெட்கப்படாதீர்கள்' என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பாட்டு நிற்கவில்லை. அந்த அளவுக்கு எங்கள் சபைக்குப் பயிற்சி உண்டு. கொயர் பிள்ளைகளின் குரல் மட்டும் நடுங்கியது. முன் வரிசைப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சரணத்தை வழக்கத்தைவிட உருக்கமாகப் பாடினார்கள்.

பாட்டை இணையத்திலிருந்து எடுத்துத் திரையில் காட்டுகிற லேப்டாப் சபையினுடையது என்றாலும், அது இருப்பது செயலாளர் செல்வதாஸ் சார் வீட்டில். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தேடினவர்களுக்குத்தான் அந்த விளம்பரம் வரும் என்று இளைஞர்கள் யாரோ சொல்ல, ஆராதனை முடிவதற்குள் அது கடைசி பெஞ்சு வரை போய்விட்டது. பிறகு வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்தபோது செந்துளுவன் வாழைக்குலையை யாரும் பார்க்கவில்லை. செல்வதாஸ் சார் எப்படி உட்காருகிறார் என்றுதான் பார்த்தார்கள். அவரோ கோபத்தில் உட்காரவே இல்லை, ஏலம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அதோடு ஊர் முடிவு செய்துவிட்டது.

அவருடைய மனைவி நேசம்மாள் அடுத்த நாள் மாதர் சங்கத்தில் கணவருக்காக வாதாடினார். "அவருக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. அது எனக்காக்கும் தேடினது" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான் மாதர் சங்கச் செயலாளர். அந்தப் பேச்சைக் குறிப்பில் ஏற்றவில்லை.

இதற்குப் பரிகாரம் தேடித்தான் செல்வதாஸ் சார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆன்ஸ்லினிடம் போனார்.

ஆன்ஸ்லின் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஷெர்லியின் கணவன். ஷெர்லி கணக்கு, நான் தமிழ். புதுக்கடை ஜங்ஷனில் ஒரு பேக்கரிக்கு மேலே அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பேச்சு குறைவு. கோவிலில் ஃபேனுக்குக் கீழே கடைசி பெஞ்சில் ஷெர்லிக்குப் பக்கத்தில் இருப்பான், ஆசீர்வாதம் சொல்லி முடிவதற்குள் பைக்கில் ஏறியிருப்பான். ஊரில் அவனை 'பாவம்' என்பார்கள். வாயில்லாதவனையெல்லாம் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

அதற்கு முன்னால் பல வருஷம் குவைத்தில் இருந்தான். ஒரு பெரிய கம்பெனி ஆபீஸில் நெட்வொர்க் வேலை. ஊழியர்கள் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் அது இவன் மேஜையில் இருந்த திரையில் வரிவரியாக ஓடும். யார் வேறு வேலை தேடுகிறான், யார் வழுக்கைக்கு எண்ணெய் தேடுகிறான், எந்த மேனேஜர் பழைய காதலியின் படத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் பார்க்கிறான் எல்லாம் இவனுக்குத் தெரியும். காலையில் லிஃப்டில் அவர்களோடு நிற்கும்போது முகத்தைப் பார்க்க முடியாது, தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம். ஒருநாள் கம்பெனி கிளினிக்கில் இருந்த ஒரு பிலிப்பினோ நர்ஸ் தற்கொலை செய்வதற்கு வழி தேடிக்கொண்டிருப்பது திரையில் ஓடியது. இவன் ஓடிப்போய் அவளுடைய அறைக் கதவைத் தட்டினான். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தான் பார்க்கப்பட்டது தெரிந்த பிறகு, அவள் இவனைக் கண்டாலே நடுங்கினாள். "நன்றி சொல்லுவான்னு நெனச்சேன். பேயக் கண்டது போல பாத்தா" என்று ஷெர்லியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது மற்றவர்கள் அழுதார்கள், இவன் பெட்டி கட்டினான்.

ஊருக்கு வந்து கடை போட்ட பிறகு அவனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. இணையத்தைப் பார்க்க உதவுவது பிரவுசர். எல்லாரும் வைத்திருக்கிற பெரிய பிரவுசர்கள், நாம் எதைப் பார்க்கிறோம் என்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது அவன் கட்சி. அதனால் யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி, அலுத்துப்போய்க் கைவிட்ட ஒரு சின்னப் பிரவுசரை எடுத்தான். அதன் உள்வேலை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று அந்த மனிதரே எழுதியும் வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடந்தது. இவன் அதைச் சரி செய்தான். விளம்பரம், வேவு, தானாக ஓடும் வீடியோ எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி வாசலை அடைத்தான். 'சாளை' என்று பேர் வைத்தான்.

"மீனுக்க பேரா?" என்று ஷெர்லி கேட்டாளாம்.

"சின்னது, எல்லாருக்கும் கிட்டும், ஒடம்புக்கு நல்லது."

"முள்ளு உண்டே."

"அது உண்டு" என்று ஒத்துக்கொண்டான்.

முள் என்னவென்றால், பாதி இணையத்தளங்கள் அதில் திறக்காது. கரண்டு பில் கட்ட முடியாது, பஸ் டிக்கெட் எடுக்க முடியாது. ஆனால் குப்பைக்குப் போகிற பழைய கம்ப்யூட்டரிலும் பறக்கும். அதோடு நமக்குத் தெரிந்த இணையத்துக்குப் பக்கத்திலேயே சில சின்ன வலைகள் உண்டு. அதிலொன்றின் பேர் ஜெமினி. வெறும் எழுத்துதான், படம் துள்ளாது, விளம்பரம் கிடையாது, வந்தவன் யாரென்று யாரும் கேட்பதில்லை. பெரிய பிரவுசர்களுக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. சாளைக்குத் தெரியும்.

"நான் ஜெமினியில எழுதுகேன்" என்று இவன் போனில் யாரிடமோ சொல்வதைக் கேட்டு ஷெர்லி இரண்டு நாள் சோறு வைக்கவில்லை. எந்த ஜெமினி, எந்த ஊர்க்காரி என்று விசாரிக்க என்னையும் ஏவினாள். கடைசியில் ஃபிரிட்ஜுக்கு மேலே சீட்டுக்கட்டு அளவில் கிடந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் காட்டி, "இதாக்கும் ஜெமினிக்க வீடு" என்றான். அதில்தான் அவனுடைய பக்கம் இருந்தது. அவள் அதைத் துணியால் துடைத்து வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சமாசாரம் என்று விட்டுவிட்டாள்.

செல்வதாஸ் சார் லேப்டாப்பைக் கொடுத்தபோது கடையில் கூட்டம். இவன் அவசரத்தில், தன்னுடைய கம்ப்யூட்டரில் இருந்த சாளையை அப்படியே எடுத்து அதில் போட்டுவிட்டான். பாட்டுகள் திறக்கிறதா என்று பார்த்தான், திறந்தன. எழுத்தும் நன்றாக இருந்தது. மூடிக் கொடுத்துவிட்டான். குவைத்தில் ஆயிரம் பேருடைய ரகசியத்தைக் காத்தவனுக்கு ஒன்று மறந்துபோனது. அவனுடைய சாளையைத் திறந்ததும் முதலில் வருவது அவனுடைய ஜெமினிப் பக்கம்.

அன்று சாயங்காலம் செல்வதாஸ் சார் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தார். 'வெந்ததும் வேகாததும்' என்று தலைப்புப் போட்ட ஒரு பக்கம் வந்தது. கீழே தாழங்காட்டுவிளைச் சபையின் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

சாயா ஆறிப்போகும்வரை படித்தார் என்று நேசம்மாள் சொன்னார். இடையில் இரண்டு தடவை சிரித்ததாகவும், பிறகு திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததாகவும் சொன்னார். அவர் எந்த இடத்தில் எழுந்தார் என்பது எங்களுக்குக் கமிட்டியில் தெரிந்தது.

அவசரக் கமிட்டி கூடியது. போதகர், செல்வதாஸ் சார், கொயர் மாஸ்டர் அபின், நான், இன்னும் சிலர். ஆன்ஸ்லினையும் ஷெர்லியையும் வரச்சொல்லியிருந்தார்கள். மூல மருந்து வந்த அதே புரொஜெக்டரில் அந்தப் பக்கத்தைச் சபை மன்றத்துச் சுவரில் காட்டினார் செல்வதாஸ் சார். "வாசிக்கப்படுவதைக் கேளுங்கள்" என்று, கோவிலில் நிருபம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"போதகர் இன்று மோசேயைச் செங்கடல் கரை வரை கொண்டுவந்து நிறுத்தினார். தண்ணீர் பிளக்கும் என்று பார்த்தால், 'இதில் நாம் காணும் நான்காவது காரியம்' என்றார். பின்னால் வந்த எகிப்தியர்கள் களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லாரும் எங்கேயோ பார்த்தோம். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்தது அபின். "அபின் கீபோர்டில் கை வைத்ததும் சனம் எழுந்து நிற்கிறது. பக்தி என்று அவன் நினைக்கிறான். வெளியே போவதற்கு." அபின் "எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டான், ஏதோ தேதியில்தான் தப்பு என்பது போல.

பிறகு நான். "சுபிதா டீச்சர் ஜெபம் செய்கிற அன்றுதான் கடவுளுக்கு ஊர் விவரமெல்லாம் தெரியவரும். யார் வீட்டில் சண்டை, யார் மகள் எந்தப் பையனோடு பஸ்ஸில் வந்தாள் எல்லாவற்றையும் கண்ணீரோடு அவர் காதில் போடுவாள்." எனக்குக் காது சூடேறியது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

செல்வதாஸ் சார் வேகமாகக் கீழே தள்ளினார்.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சு. மேல போங்க" என்றான் அபின்.

"அது தேவையில்லாதது."

"எல்லாருக்கதும் வாசிச்சாச்சே சார்" என்றார் போதகர். அவரே எழுந்து வந்து மேலே தள்ளினார். சுவரில் வந்தது: "செல்வதாஸ் சார் ஆண்டறிக்கை வாசித்தார். அவர் தொடங்கும்போது வேலையில் இருந்த இரண்டு பேர் முடிக்கும்போது ரிட்டயர்டு ஆகியிருந்தார்கள்."

இந்தத் தடவை போதகர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை. செல்வதாஸ் சார் மேஜையைத் தட்டினார்.

"சிரிக்கதுக்கா கூடியிருக்கோம்? ஆன்ஸ்லின், இத எத்தன பேரு படிக்கியானுவ?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"எண்ணுகதுக்கு அதுல வழி வைக்கல்ல. ஆரு வந்தாவ, எங்கேருந்து வந்தாவ ஒண்ணும் தெரியாது. பின்லாந்துல ஒரு ஆளு மெயில் போட்டாரு. தமிழ் தெரியாதாம், எழுத்துக்க வளைவு கொள்ளாம், நல்ல அழகுன்னு எழுதியிருந்தாரு. அவ்வளவுதான்."

"ஆரு படிக்கியாவன்னு தெரியாம ஒருத்தன் எதுக்கு எழுதுவான்?"

"தெரியாததுனாலதான் சார் எழுத முடிஞ்சு" என்றான் ஆன்ஸ்லின். அவன் மொத்தமாக அவ்வளவு பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

செல்வதாஸ் சாருக்கு அது திமிராகப் பட்டது. "ஓஹோ. அப்பம் வீட்டுக்காரியப் பத்தி எழுதினதயும் எல்லாரும் பாக்கட்டும்" என்று இன்னும் கீழே தள்ளினார். சுவரில் ஷெர்லி வந்தாள்.

"என் மனைவி பிரசங்கத்தின்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். ஸ்டாஃப் மீட்டிங்கில் கற்ற வித்தை. தலையாட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஆட்டுவாள். பக்கத்தில் இருக்கிற எனக்கு மட்டும்தான் அது தூக்கம் என்று தெரியும். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஸ்கூல் இல்லை, வீடு இல்லை, நான் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதனால் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் எனக்கு நஷ்டமில்லை."

செல்வதாஸ் சார் வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் குரல் இறங்கி நின்றுவிட்டார். மீதியை நாங்களே சுவரில் படித்தோம். ஷெர்லி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போதகர் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார். வரும் ஞாயிறு சபைக்கு முன்னால் ஆன்ஸ்லின் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று செல்வதாஸ் சார் தீர்மானம் கொண்டுவந்தார். போதகர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் எழும்பி மாப்பு கேட்டா, எதுக்குன்னு எல்லாரும் கேப்பாவ. பெறகு எல்லாரும் போய்ப் படிப்பாவ. கேட்டியளா? நமக்குள்ள இருக்கட்டும்."

நமக்குள் இருக்கட்டும் என்று எங்கள் கமிட்டியில் சொன்ன எதுவும் இதுவரை நமக்குள் இருந்ததில்லை. அடுத்த வாரமே பேக்கரி மாடிப்படியில் செருப்புகள் கிடந்தன. "பாட்டு பாக்கதுக்கு அந்தச் சாளையைக் கொஞ்சம் போட்டுத் தா மக்கா" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வாழ்நாளில் பாட்டுப் புத்தகத்தைத் தொடாதவர்களும் வந்தார்கள். போட்டுக்கொண்டு போய் அவரவர் பேரைத் தேடினார்கள். பேர் இருந்தவர்கள் இரண்டு நாள் முறைத்தார்கள். பேர் இல்லாதவர்களின் கோபம்தான் ஆறவில்லை. மணியடிக்கும் தங்கையன் கடைக்கே வந்து சண்டை போட்டார்.

"முப்பது வருசமா மணியடிக்கியேன். எனக்கப் பத்தி ஒரு வரி கெடையாது. நான் அவ்வளவு கொறஞ்சவனாலே?"

"இல்ல பாட்டா, நீங்க அடிக்கிய மணியில குத்தம் ஒண்ணும் இல்ல."

"குத்தம் இல்லங்கியத எழுதலாமே" என்றார் தங்கையன்.

ஆன்ஸ்லினால் அதற்குப் பிறகு எழுத முடியவில்லை. அவன் உட்கார்ந்து பார்த்தான். ஒரு வரி எழுதினால் அபின் படிப்பானே என்று தோன்றும், இன்னொரு வரி எழுதினால் நேசம்மாள் கண்ணுக்கு முன்னால் வருவார். பின்லாந்துக்காரருக்காக எழுதியபோது ஓடின கை, அடுத்த தெருக்காரருக்காக ஓடவில்லை. பழையதையெல்லாம் எடுத்துவிட்டான். 'வெந்ததும் வேகாததும்' பக்கத்தில் மழை அளவும் ரப்பர் விலையும் போட்டான். ஊர்க்காரர்கள் நாலு நாள் பார்த்தார்கள், பிறகு வரவில்லை. அவன் கடையில் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். ஒரு வேலையை இழந்தவன் போல இருந்தான்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். ஷெர்லி பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் சமாதானம் சொன்னேன். "உனக்க மொகத்தப் பத்தி எவ்வளவு நல்லா எழுதியிருக்கான். எனக்க வீட்டுக்காரரு நான் தூங்கினா டிவி சத்தத்தக் கூட்டுவாரு."

"எழுதினதுக்கு இல்ல சுபிதா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விடைத்தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு பையனின் சரியான விடைக்குத் தப்புப் போட்டாள், பிறகு அழித்தாள்.

அது என்ன என்று அவனிடம் அவள் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாளாம். அவன் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அந்தப் பக்கத்த முழுசா அழிச்சிடட்டுமா?" என்று கேட்டான்.

"அழிச்சா என்ன, அழிக்காட்டா என்ன. இத்தனை வருசம் எனக்கப் பக்கத்துல இருந்து இவ்வளவு சிரிச்சிருக்கிய. ஒரு நாளாவது எனக்கக் கிட்ட சொன்னியளா? பின்லாந்துல உள்ளவனுக்குச் சொல்லுகிய. அவனுக்கு எழுத்துக்க வளைவு மட்டும்தான் தெரியும். எனக்குத் தமிழ் தெரியாதா?"

குவைத்தில் எல்லாருடைய ரகசியத்தையும் வைத்துக்கொண்டு மூடிப் பழகிய வாய், ஊருக்கு வந்த பிறகும் திறக்கவில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அடுக்களைக்குள்ளே வந்து, "அண்ணைக்கு தங்கையன் பாட்டா கடைக்கு வந்தாரு" என்று ஆரம்பித்தான். மணிச் சண்டையை, அவர் குரலிலேயே, கையை ஆட்டி நடித்துக் காட்டினான். ஷெர்லி மரச்சீனித் தண்ணீரை வடிக்க மறந்து சிரித்தாள். அன்று மரச்சீனி குழைந்துபோனது. இரண்டு பேரும் அதையே தின்றார்கள்.

இப்போது அவன் எழுதுவதில்லை, சொல்லுகிறான். அவள் தேங்காய் துருவும்போது, மீன் கழுவும்போது, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அன்றைய நாளின் வெந்ததையும் வேகாததையும் சொல்வான். ஷெர்லி மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எங்களுக்குச் சொல்வாள். அபினும் செல்வதாஸ் சாரும் எங்கள் வாயில் புதிதுபுதிதாக வருகிறார்கள். நாங்கள் சொல்லிப் பத்து வீட்டுக்குப் போகிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று இதிலும் எண்ண வழியில்லைதான், ஆனால் ஃபிரிட்ஜ் மேலே இருந்த அந்தப் பெட்டியைவிட இதற்கு வேகம் அதிகம். அவனுக்கு இது தெரியும். தெரிந்தேதான் சொல்கிறான் என்று நினைக்கிறேன்.

சாளையை அவன் விடவில்லை. எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து இப்போது அதைத் திருத்துகிறார்கள். தமிழ் போல அவர்களுடைய மொழியின் எழுத்தும் உடைந்து கிடந்ததாம், இவன் வழியைப் பார்த்துச் சரி செய்துகொண்டார்கள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிற ஒரு மார்த்தாண்டத்துக்காரப் பெண், ராத்திரி டியூட்டியில் விளம்பரம் இல்லாமல் வேதாகமம் படிக்கச் சாளைதான் வைத்திருப்பதாக எழுதினாள். அந்த மெயிலை அவன் ஷெர்லிக்கு வாசித்துக் காட்டினான். யார் என்று தானாகச் சொன்னதால்தான் தெரிந்தது, இல்லாவிட்டால் தெரிந்திருக்காது என்பதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

சபை லேப்டாப்பில் சாளை இன்னும் இருக்கிறது. செல்வதாஸ் சார் எடுக்கச் சொல்லவில்லை. முதல் பக்கத்தை மட்டும் மாற்றி, சபையின் பேரும் அதற்குக் கீழே தன் பேரும் வரும்படி செய்துகொண்டார்.

போன வாரம் ஷெர்லி ஸ்டாஃப் ரூமுக்கு வரும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். ஆன்ஸ்லின் என்ன சொன்னான் என்று கேட்டோம். கையை ஆட்டி மறுத்தாள். என்னைப் பற்றியா, போதகரைப் பற்றியா என்று துருவினேன்.

"அது வீட்டுக்குள்ள உள்ளது சுபிதா" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.